குறைத்துப் போட்ட ஒரு வருஷம்

கிருபை டீச்சருக்கு உண்மையான வயது ஐம்பத்தைந்து. சர்க்கார் ஏட்டில் ஐம்பத்து நான்கு. இடையில் காணாமல் போன ஒரு வருஷத்துக்குக் காரணம் அவருடைய அப்பா. உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்த மனிதர். வாங்க வருகிறவர்களுக்கு எடை முடிந்த பிறகும் ஒரு துண்டு கூடப் போட்டு அனுப்புகிற கை அவருக்கு. அப்படிப்பட்டவர் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று, ஆறு வயதுப் பிள்ளையை ஐந்து வயது என்று கூசாமல் எழுத வைத்துவிட்டு வந்தார். "பின்னால கவர்மெண்டு வேலைக்குப் போனா ஒரு வருஷம் கூட இருப்பாள்லா" என்று வீட்டில் விளக்கமும் சொன்னார். பிறந்த மே மாதத்தில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. அந்த அளவுக்கு யோக்கியர்.

அப்பாவின் வாக்கு பலித்தது. கிருபை ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து இருபத்தொன்பது வருஷமாகிவிட்டது. இப்போது உடன்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரியை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை. தலைமையாசிரியை என்றதும் பெரிய மேஜையையும் வாசலில் பியூனையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் இரண்டு டீச்சர், முப்பத்தேழு பிள்ளைகள். நாசரேத் ஊரில் இருக்கும் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கிப் பூட்டைத் திறப்பதும் அவர்தான், மணியடிப்பதும் அவர்தான், மூக்கு ஒழுகினால் துடைத்துவிடுவதும் அவர்தான். இதைவிடச் சிறந்த உத்தியோகம் பூமியில் கிடையாது என்பது அவருடைய அசைக்க முடியாத எண்ணம்.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியர்களும் தகுதித் தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும். அவகாசம் இரண்டு வருஷம். தவறினால் வேலை போய்விடும். ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. டீச்சர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏட்டுப்படி அறுபது நிறைய ஐந்து வருஷம் ஒன்பது மாதம் பாக்கி.

"எங்க அப்பா அன்னைக்கு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா, இப்பம் எனக்கு நாலு வருஷம் ஒம்பது மாசம். பரீட்சயாவது ஒண்ணாவதுன்னு இருந்திருப்பேன்" என்று அன்று சாயங்காலம் கணவர் அருமைநாயகத்திடம் பொருமித் தள்ளினார். தாங்க முடியாத ஆத்திரம். இத்தனை வருஷம் பாடம் நடத்திய பிறகு, நீ நடத்தத் தகுதியானவளா என்று கேட்கிறார்களே என்று கண்ணில் நீர் முட்டியது. செத்துப்போன அப்பாவையும் சேர்த்துத் திட்டினார்.

அருமைநாயகம் தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரிகளை எடை போடுகிற மேடையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எடை தப்பு என்றால் லாரியை மறுபடி ஏற்றி நிறுத்தித் திருத்தலாம் என்பதுதான் அவர் வாழ்க்கையில் கற்ற பாடம்.

"வயசையும் அப்படித் திருத்திட்டா என்ன? கோயில்ல ஞானஸ்நான ரிஜிஸ்தர் இருக்கும்லா" என்றார்.

மறுநாளே அவர் கோயிலுக்குப் போய், ஊரார் ஐயர் என்று அழைக்கும் குருவானவர் பவுலிடம் விஷயத்தைச் சொல்லி, பழைய பதிவேட்டிலிருந்து நகல் வாங்கிவிட்டார். கிருபையின் உண்மையான வருஷம் அதில் மசி மங்காமல் இருந்தது. அதோடு நேரே கல்வி அலுவலகம். அங்கே குமாஸ்தா தாணுலிங்கம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இருவத்தாறு வருஷமா இந்த சீட்ல இருக்கேன். வயசக் குறைக்கணும்னு வந்தவிய எத்தனையோ பேரு. கூட்டணும்னு வந்த மொத ஆளு நீங்கதான். ஆனா ஒண்ணும் செய்ய முடியாது. வேலைல சேந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கேட்டிருக்கணும்." காரியம் ஆகாவிட்டாலும் அருமைநாயகத்துக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

வேறு வழியில்லை. டீச்சர் நவம்பர் தேர்வுக்கு விண்ணப்பித்தார். கணவரையும், பள்ளியில் உடன் வேலை பார்க்கும் சந்தனச்செல்வியையும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பெயிலாகிவிட்டால்? தான் பெயில் போட்ட பிள்ளைகளின் அப்பன் அம்மை எல்லாம் தெருவில் பார்த்துச் சிரிப்பார்களே. வேலை போவதைவிட அதுதான் அவருக்குப் பெரிய பயம்.

சந்தனச்செல்வி சின்னவள், முப்பத்தாறு வயது. தகுதித் தேர்வில் என்றைக்கோ பாஸாகி, அதன் பேரிலேயே வேலைக்கு வந்தவள். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அவள் கேள்வி கேட்பாள், டீச்சர் பதில் சொல்வார். தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாம் பாதிக்கு மேல் தேறின. ஆங்கிலம் தட்டுத் தடுமாறி ஓடியது. சைக்காலஜியில்தான் வண்டி மணலில் புதைந்தது. முப்பதுக்குப் பதினொன்று. மறுநாள் எழுதினாலும் பதினொன்று.

"வகுப்பு நடக்கும்போது ஒரு குழந்தை அழுகிறது. ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது என்ன?" என்று சந்தனச்செல்வி வாசித்தாள். "காரணத்தைக் கேட்டறிதல், பெற்றோருக்குத் தெரிவித்தல், பாடத்தைத் தொடர்தல், விருப்பமான செயலில் ஈடுபடுத்துதல்."

"எந்தப் பிள்ள அழுவுது?" என்று கேட்டார் டீச்சர்.

"பேரு போடல டீச்சர்."

"பேரு தெரியாம எப்படிளா சொல்ல? நம்ம செந்தூர்வேல்னா காரணமே கேக்கக் கூடாது. கேட்டா இன்னும் கூட அழுவான். கண்டுக்கிடாம பாடத்த நடத்துனா அஞ்சு நிமிசத்துல அவனே வந்து மடில சாஞ்சிருவான். மதுமிதா அழுதா அவ அம்மைக்குப் போன் போடணும், அவளுக்குக் காது வலி இருக்கு. மத்தவன்..."

"டீச்சர், ஒரு வட்டத்தத்தான் கறுப்பாக்க முடியும்."

"அப்பம் கேள்விதான் தப்பு" என்று புத்தகத்தை மூடினார் டீச்சர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கேள்வித்தாள் யாரிடமும் நியாயம் கேட்பதில்லையே.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் பி.இ.ஓ. என்கிற வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்குப் பார்வையிட வந்தார். ஜீப் சத்தம் கேட்டதும், எந்த டீச்சரும் செய்வதைத்தான் கிருபை டீச்சரும் செய்தார். கண்மூடித் திறப்பதற்குள் பீரோவிலிருந்து சார்ட்டுகள் சுவருக்கு ஏறின. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். "ஏலே, இங்கன வா" என்று கூப்பிடுகிற வாய், "கண்ணா, இதைப்பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று தேன் ஒழுகக் கேட்டது. இந்தப் புது டீச்சரைப் பார்த்துப் பயந்துபோய் இரண்டாம் வகுப்புச் செந்தூர்வேல் அழ ஆரம்பித்தான். டீச்சர் அலுவலரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, அவன் உயரத்துக்குக் குனிந்து, "ஏன் அழுகிறாய் செல்லம்? காரணம் சொல்" என்றார். அவன் ஊரே கேட்கும்படி வீறிட்டான். அலுவலர் தலையசைத்து, "வெரி குட்" என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார்.

ஜீப் திரும்பியதுதான் தாமதம், சந்தனச்செல்வி துள்ளிக் குதித்தாள்.

"டீச்சர்! இப்பம் செஞ்சியள்லா, அதுதான் ஆன்சர்! முப்பது கேள்விக்கும் அதுதான். நம்ம பிள்ளையள நினைக்காதிய. பின்னால பி.இ.ஓ. நிக்காருன்னு நினைச்சுக்கிட்டுப் பதில் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் டீச்சர் இருபத்தாறு வாங்கினார்.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு வந்தது. நாசரேத் பக்கத்துக் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. பொதுத் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டும் பேனாவுமாக ஆராதனையில் முன்னால் வந்து நிற்க, ஐயர் ஜெபம் பண்ணி அனுப்புவார். ஞாயிறு பள்ளி டீச்சராகவும் இருக்கிற கிருபைதான் இருபத்திரண்டு வருஷமாக அவர்களை உயர வரிசைப்படி, குட்டையானவர் முன்னால் வர, நிறுத்திவைப்பார்.

அன்றைக்கு பவுல் ஐயர், "சனி, ஞாயிறு தகுதித் தேர்வு எழுதுகிறவர்கள் முன்னால் வரலாம்" என்றார். டீச்சர் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். பி.எட். முடித்த இளவட்டங்கள் ஒன்பது பேர் எழுந்து போனார்கள். எல்லாம் அவரிடம் ஞாயிறு பள்ளியில் படித்த பிள்ளைகள். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். கன்னாபின்னாவென்று நின்றார்கள். டீச்சரால் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ள முடியும், கோணல் வரிசையை மட்டும் முடியாது. கைப்பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து விறுவிறுவென்று முன்னால் போனார்.

"இதென்ன நிப்பு? ஒழுங்கா வரிசையா நில்லுங்க!"

பழக்கதோஷம், ஒன்பது பேரும் சட்டென்று உயரம் பார்த்து நகர்ந்தார்கள். டீச்சர் கடைசியில் போய் ஒண்டிக்கொள்ளப் பார்த்தார். அப்போது அந்தக் குழந்தைக்காரி, "டீச்சர், உங்க கையிலயும் ஹால் டிக்கெட்டுல்லா இருக்கு! நீங்கதான் எல்லாருக்கும் குட்டை, முன்னால வாங்க" என்றாள்.

கோயிலே சிரித்தது. ஐயர் சிரிப்பை அடக்க அங்கியின் கையால் வாயை மூடிக்கொண்டார். டீச்சரும் சிரித்துவிட்டார். இத்தனை நாள் மூடி மூடி வைத்திருந்த வெட்கம் போன இடம் தெரியவில்லை. அதைப் பார்த்துத் தைரியம் வந்து, பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் இரண்டு என்று நரைத்த தலைகள் எழுந்தன. எல்லாரும் யாருக்கும் சொல்லாமல் படித்துக்கொண்டிருந்தவர்கள்! ஆகக் குட்டையான கிருபை டீச்சர் முதலில் நிற்க, பதின்மூன்று பேருக்கும் ஜெபம் நடந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் ஆமென் சொல்லி வெகுகாலமாகிவிட்டது.

சனிக்கிழமை தூத்துக்குடியில் தேர்வு. விடியற்காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அருமைநாயகம் குடை பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டார். உள்ளே முதல் முப்பது கேள்வியும் சைக்காலஜி. டீச்சர் முதுகுக்குப் பின்னால் பி.இ.ஓ.வை நிறுத்திவைத்துக்கொண்டு மளமளவென்று வட்டங்களைக் கறுப்பாக்கினார். இருபத்தேழாவது கேள்வியில் பேனா நின்றது. வார்த்தை கொஞ்சம் மாறியிருந்தாலும், அதே அழுகிற குழந்தை.

பதில் தெரியும். காரணத்தைக் கேட்டறிதல். ஆனால் முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்கு அவர் எவ்வளவோ முயன்றும் செந்தூர்வேலின் முகம்தான் வந்தது. எல்லாக் கேள்வியிலும் பொய் சொல்லியாகிவிட்டது, இந்த ஒன்றிலாவது உண்மை இருக்கட்டும் என்று தோன்றியது. பி.இ.ஓ.வை வெளியே அனுப்பிவிட்டு, 'பாடத்தைத் தொடர்தல்' வட்டத்தை அழுத்தி நிரப்பினார். மனசு லேசாகிவிட்டது.

பாஸாக நூற்றைம்பதுக்கு எண்பத்திரண்டு வேண்டும். டீச்சருக்கு எண்பத்தெட்டு வந்தது. விடைக்குறிப்பில் அந்த இருபத்தேழாவது தப்புதான். அதற்காக அவர் ஒரு நிமிஷம்கூட வருந்தவில்லை. அருமைநாயகம் தூத்துக்குடிக்குப் போய் இரண்டு கிலோ முந்திரி மக்ரூன் வாங்கி வந்தார். பள்ளியில் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்து, "உங்க டீச்சர் பரீட்சைல பாஸ்" என்று சொன்னார் டீச்சர். பிள்ளைகள் கை தட்டினார்கள். செந்தூர்வேல் மட்டும் வாய் நிறைய மக்ரூனோடு, "எத்தனாவது ரேங்க் டீச்சர்?" என்று விசாரித்தான்.

ஜூனில் பள்ளி திறந்தது. செந்தூர்வேலின் அம்மா முத்துச்செல்வி இளையவள் தன்யாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிவந்தாள். படிவம் எழுதிக்கொண்டிருக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டீச்சர், ஏதோ பரீட்ச வச்சு டீச்சர்மாரை எல்லாம் எடுத்துருவாவன்னு ஊர்ல பேசிக்கிட்டாவ. இவ அஞ்சாப்பு முடிக்க வரைக்கும் நீங்க இங்கன இருப்பியளா?"

டீச்சர் விரல் விட்டு எண்ணினார். இந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிப்பது 2031 கோடையில். ஏட்டுப்படி அவர் ஓய்வு பெறுவதும் அந்த மே மாதம்தான். உண்மை வயதை எழுதியிருந்தால் அதற்கு முந்தின மே மாதமே பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும், தன்யா நான்காம் வகுப்போடு நிற்கும்போது. ஒரு வருஷம் கூட இருப்பாள்லா என்று அப்பா சொன்னது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. செப்டம்பரில் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது.

"இருப்பேன்ளா. எங்க அப்பா அப்பமே அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்காவ" என்றார்.

முத்துச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்யாவின் பிறந்த தேதியைச் சான்றிதழில் இருந்தது இருந்தபடியே எழுதினார்.