ஒரு சாண் தள்ளி

சித்தி ரேடியோவில் பாடப்போகிறாள் என்ற செய்தி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் கடைசி. போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அப்பா மேஸ்திரி. சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, கீழே சிலமலையில் தாத்தா வீட்டில் இருந்தாள். மதுரைக்குப் போய்ப் பாட்டுப் படிப்பேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். தாத்தாவோ தை மாதத்தில் கல்யாணத்தை முடித்துவிடுவதில் குறியாக இருந்தார். கடைசியில், மூத்த மருமகன் சொல்கிறபடி செய்வோம் என்று பொறுப்பை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார்.

அப்பா யோசித்துப் பார்த்து, "ரேடியோவுல பாடட்டும். கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். பெரிய மனிதர் தீர்ப்புதான். ஆனால் பகலில் எங்கள் சரிவில், அவள் பாடப்போகிற திருச்சி நிலையம் எடுக்காது, வெறும் இரைச்சல்தான் வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அம்மாவுக்கும் தெரியும். மறுநாளே ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிக்கு இறங்கினாள். ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் ஒரு வழி சொல்லி, பழைய மோட்டாரில் உருவிய செம்புக் கம்பியும் நிலையத்தைத் திருகிப் பிடிக்கக் குமிழ் வைத்த கண்டன்சர் ஒன்றும் கொடுத்தனுப்பினார். ரேடியோவுக்குள் ஏற்கெனவே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறதாம். வெளியே பெரிதாக இன்னொன்று சுற்றிப் பக்கத்தில் வைத்தால், இதில் பிடிபடுகிற பாட்டு தொடாமலேயே அதில் ஏறிக்கொள்ளுமாம்.

"தொடாம ஒட்டிக்கிறதுக்கு அது என்ன காய்ச்சலா?" என்று அப்பா சிரித்தார்.

அம்மா ஓட்டை விழுந்த ஏலக்காய்ச் சல்லடையின் வலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அந்த மரச்சட்டத்தில் கம்பியைச் சுற்றினாள். நிறையச் சுற்றினால் நிறையக் கேட்கும் என்று நினைத்து, கம்பி தீரும்வரை சுற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவிழ்த்து, கடைக்காரர் சொன்னபடி பன்னிரண்டு சுற்றோடு நிறுத்தினாள். அப்போதும் இரைச்சல்தான். மூன்றாம் நாள் காலையில்தான் கம்பியின் மேல்பூச்சைச் சுரண்டாமல் முனைகளை முறுக்கியிருந்தது தெரிந்தது. அரிவாள்மனையில் சுரண்டி முறுக்கியதும், ரேடியோவிலிருந்து யாரோ ஒருவர் நெல்லுக்கு உரம் போடச் சொன்னார். தோட்டத்தில் ஒரு நெற்பயிர் கிடையாது. ஆனாலும் அம்மா அடுப்பில் சோறு குழைவதைக்கூடக் கவனிக்காமல் அதைக் கடைசிவரை கேட்டாள். அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சட்டத்தைப் பிடிக்கும் வேலை எனக்கு. தள்ளினால் குரல் மங்கும், நெருக்கினால் துலங்கும். "கிட்டக் கொண்டா, இன்னுங் கிட்டக் கொண்டா" என்று நாள் முழுக்க என்னைப் பழக்கினாள்.

மறுநாள் மதியம் அப்பா ரேடியோ முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா குமிழைத் திருகிச் சரிசெய்வதற்குள் அறிவிப்பாளர் பாடுகிறவர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டார். பாட்டு ஆரம்பித்தது. ஒரு பெண் குரல், கணீரென்று வந்தது. சந்தோஷத்தில் நான் சட்டத்தை இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "தள்ளிப் பிடி" என்றாள் மெதுவாக.

"நல்லாத்தானம்மா கேக்குது!"

"சொன்னதச் செய்யி ஆத்தா. ஒரு சாண் தள்ளு, வெரசா."

தள்ளினேன். குரல் இரைச்சலுக்குள் அமுங்கியது. அப்பா காதை ரேடியோவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"எந்தங்கச்சி எப்புடிப் பாடுறா பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

பாட்டு முடியும்வரை அவர் காதை எடுக்கவில்லை. முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, மதுரைக்குப் போகட்டும்" என்றார்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. அத்தனை பாடுபட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் கெடுத்துவிட்டாளே என்று இரண்டு நாள் அம்மாவோடு பேசவே இல்லை. பின்னாளில் பள்ளியில், பாட்டு தொடாமலேயே ஏறிக்கொள்வதற்குப் பரிமாற்று மின்தூண்டல் என்று பெயர் படித்தேன். இரண்டு சுருள்களுக்கும் இடையே தூரம் கூடினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். அம்மா அன்று ஏன் தூரத்தைக் கூட்டச் சொன்னாள் என்பது மட்டும் விளங்கவில்லை.

சித்தி படித்து முடித்து மதுரையிலேயே பாட்டு டீச்சர் ஆனாள். வரும்போதெல்லாம் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்பா தவறாமல் சொல்வார்: "என்ன இருந்தாலும் தாயி, அன்னைக்கு ரேடியோவுல பாடுன மாதிரி வரல." சித்தி தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தேன்.

ரேடியோவில் பாட வேண்டிய அன்று சித்தி திருச்சிக்குப் போன பஸ் திண்டுக்கல் பக்கம் பழுதாகி நின்றுவிட்டதாம். போய்ச் சேருவதற்குள் வேறொரு பெண்ணைப் பாட வைத்துவிட்டார்களாம். அப்பா காலமான பிறகுதான் சித்தி இதை என்னிடம் சொன்னாள். "மொத வரியிலயே அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சுடி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு நடந்துகொண்டிருந்தபோது நான் இரண்டு முறை சட்டத்தை நைசாகக் கிட்டே நகர்த்தினேன் என்பதையும், இரண்டு முறையும் அம்மா பேசாமல் அதைத் தள்ளிவைத்தாள் என்பதையும் சித்தியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.