அண்ணையின் பஸ்ஸுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட்

அண்ணை முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பருத்தித்துறையில் தொடங்கி நெல்லியடி, வல்லை, புத்தூர், கோப்பாய் என்று யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் பஸ். கலியாணம் கட்டவில்லை. பஸ்ஸைத்தான் கட்டி வைத்திருக்கிறார் என்று சொந்தக்காரர் நையாண்டி பண்ணுவார்கள். அவரும் சிரித்துவிட்டு, அது நகை கேட்காது, கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்கும் போகாது என்பார். அப்படிப்பட்ட மனிதருக்குச் சீனி வருத்தம் வந்து வலது காலில் புண்ணாகி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே கழற்ற வேண்டியதாகப் போயிற்று. பிரேக் மிதிக்கிற கால். ஆஸ்பத்திரியில் இருந்து நேரே என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் புருசனை இழந்தவள், ஒரே மகன் கனடாவில். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

வந்த நாளில் இருந்து அண்ணை யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு வீதியைப் பார்த்தபடி இருந்தார். பஸ் போனால் சத்தத்தை வைத்தே கியர் மாற்றத் தெரியாதவன் என்று பேசுவார். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பார். எனக்கோ பொல்லாத வாய். வெட்டினது காலைத்தானே, வயிற்றையுமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

மகன்தான் வழி சொன்னான். அவன் உயர்தரம் படிக்கும்போது வாங்கின கொம்பியூட்டர் ஒன்று அவனுடைய அறையில் துணி போர்த்தபடி கிடந்தது. ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கழித்து விற்ற சாமான், ஒடுங்கல் பெட்டி. அதில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போடலாம் என்று வீடியோவில் வந்து, இதை அமத்துங்கோ அதை அமத்துங்கோ என்று ஒரு மணித்தியாலம் என் உயிரை எடுத்துப் போட்டுக் கொடுத்தான். வெள்ளைக்காரர் ஊர் வீதி, மழை, சந்திகள், ஏறி இறங்குகிற சனம். கீபோர்ட்டில் நாலு அம்புக்குறிதான் ஸ்டியரிங்கும் பிரேக்கும். கால் தேவையில்லை.

அடுத்த நாள் காலையில் அண்ணை சவரம் செய்து, மினுக்கின சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். கீபோர்ட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நீளமான வெளி ஒன்று வந்தபோது, இது அப்படியே வல்லை வெளிதான், உப்புக் காற்று மட்டும்தான் இல்லை என்றார். அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்.

சந்தோசம் ஒரு கிழமைதான். அந்தப் பழைய பெட்டி விளையாட்டின் பாரத்தைத் தாங்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று உறைந்து நிற்கும். பிறகு துள்ளி அடுத்த இடத்துக்குப் போகும். அதற்குள் பஸ் மதிலில் ஏறியிருக்கும், இல்லாவிட்டால் வாய்க்காலுக்குள் இருக்கும். ஒருநாள் மத்தியானம் அறைக்குள் சத்தம் இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். கொம்பியூட்டர் நிறுத்திக் கிடந்தது. அண்ணை கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தார். என்ன என்று கேட்டேன்.

“சனம் கடக்கிற கோட்டாலை ஒரு மனிசி கடந்துகொண்டு போனது, தங்கச்சி. பிரேக் அமத்தினனான். அமத்தேக்கை படம் நிண்டிட்டுது. மனிசியை அடிச்சுப் போட்டன்.”

விளையாட்டுத்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கீபோர்ட்டைச் சுவர்ப்பக்கம் தள்ளி வைத்தார். முப்பது வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக் கூட அடிக்காத மனிதர். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் போகவில்லை.

மகனிடம் சொன்னேன். கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட்டால் எல்லாம் சரி என்றான். படத்தைக் கீறுகிற வேலையை அது எடுத்துக்கொள்ளுமாம், பழைய பெட்டிக்குப் பாரம் குறையுமாம். பெரிய விலைக்குப் போக வேண்டாம், சின்னது போதும், நெல்லியடியில் பார்த்து வாங்குங்கோ என்றான். இன்னொன்றும் சொன்னான்.

“அம்மா, மாமாவின்ரை கண்ணிலையும் சீனி இறங்கீட்டுது எண்டு கிளினிக்கிலை சொன்னவையெல்லே. ஆறப் போடாதேங்கோ. பாக்கக் கூடிய நாளிலை ஓடட்டும்.”

ஓம் ஓம் என்றேன். பெட்டியை உரப்பையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நெல்லியடிக்குப் போனேன். அது பங்குனி மாதம், வெயில் மண்டையைப் பிளந்தது. கடையை நடத்துகிறவள் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நெற்றியில் திருநீறு, கையில் திருகாணி கழற்றுகிற கருவி. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பெரிய கார்ட் இதற்குள் நிற்காது, பாதி உயரக் கார்ட்தான் போகும் என்றாள். இதில் இருக்கிற பவர் சப்ளையும் சின்னது, தனி வயர் கேட்கிற கார்ட் போட்டால் இழுக்காது, நின்றுவிடும் என்றாள். பிறகு அலுமாரியில் இருந்து என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதான ஒன்றை எடுத்து வைத்தாள். முன்பு ஒருவர் பாவித்தது, ஆனால் தானே ஓட்டிப் பார்த்தது, மூன்று மாதம் பொறுப்பு என்றாள். அதே இடத்தில் பூட்டி, ஒரு வீதிப் படத்தைப் போட்டும் காட்டினாள். தண்ணீர் போல ஓடியது.

நான் என்ன செய்தேன்? மூக்கைச் சுளித்தேன். பெட்டியே ஆரோ கழித்தது, அதற்குள் போடுவதும் ஆரோ கழித்ததா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. இந்த அளவில் புதிது இங்கே வருவது குறைவு, நல்லாய் யோசித்துவிட்டு வாருங்கோ அன்ரி, ஒரு கிழமை எடுத்து வைக்கிறேன் என்றாள். நான் அதைக் கழற்றச் சொல்லி, பெட்டியை மூடச் சொல்லி, வந்த ஆட்டோவிலேயே திரும்பி வந்தேன்.

எங்கள் சனத்துக்கு ஒரு வியாதி இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்தால்தான் சாமான். சவர்க்காரம் என்றாலும், தைலம் என்றாலும், வருகிற ஆளின் கையில் கொடுத்தனுப்பி வர வேண்டும். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருத்தியின் மகள் ஆவணியில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வருவதாக இருந்தாள். அவளிடம் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடு என்று மகனுக்குச் சொன்னேன். ஐந்து மாதம் கிடக்கிறதே அம்மா என்றான். ஐந்து மாதத்தில் கண் எங்கேயும் ஓடிப்போகாது என்றேன். என் வாயால்தான் சொன்னேன். மகன் அனுப்பினது என்று நாலு பேருக்குச் சொல்கிற எடுப்பும் உள்ளே இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணையிடமும் கடைக் கதையைச் சொன்னேன். புதுசு வருகுது, ஆவணி மட்டும் பொறுங்கோ என்றேன். பொறுப்பம், எனக்கு என்ன அவசரம் என்றார். மகனுடைய அடிமட்டத்தை எடுத்துப் பெட்டியின் உள்பக்கத்தை நீளம், உயரம், அகலம் என்று அளந்து அனுப்பிவிட்டேன். பெரிய காரியம் முடித்தது மாதிரி இருந்தது.

சித்திரையும் வைகாசியும் போயின. கிளினிக்குக்கு அண்ணை ஒழுங்கைப் பொடியனின் ஆட்டோவில் தனியாகத்தான் போய் வருவார். நான் வருகிறேன் என்றால், உனக்கேன் கரைச்சல், அங்கே நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும் என்பார். ஆனி மாதத்தில் பேப்பர் படிப்பதை விட்டார். கேட்டால், ஒரே பழைய கதைதான் எழுதுகிறான்கள் என்றார். ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டார். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். அவர் குனிந்து, கையால் நிலத்தைத் தடவி, உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். கால் இல்லாததால் அப்படிக் குனிகிறார் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு பெரிய விசரி நான்.

ஆவணியில் அவள் வந்தாள். சூட்கேசுக்குள் சொக்லேற்றுக்கும் துவாய்க்கும் நடுவில் கார்ட் பெட்டி சுருக்கமில்லாமல் இருந்தது. பாதி உயரம், தனி வயர் தேவையில்லாதது, அளவும் சரி. தேர் முடிந்த அடுத்த நாள் காலை மகன் வீடியோவில் வந்தான். அங்கே இரவு, வேலையில் அரை மணித்தியால இடைவேளை. அவன் சொல்லச் சொல்லப் பெட்டியைத் திறந்தேன், பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன், கார்ட்டை வைத்து அமத்தினேன். டக் என்று உட்கார்ந்தது. அதற்குள் இடைவேளை முடிந்து, மிச்ச வயர்களைக் கொழுவுங்கோ அம்மா, வேலை முடிய எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

அண்ணை திரும்பவும் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். நான் மேசைக்குக் கீழே குந்தியிருந்து ஒவ்வொரு வயராகக் கொழுவினேன். கரண்ட் ஆளியைப் போட்டேன். பெட்டி உறுமியது. கொஞ்ச நேரத்தில் தொடங்குகிற சங்கீதம் கேட்டது.

“ஆ, உது நல்ல கார்ட்,” என்றார் அண்ணை. “வடிவாய்த் தெரியுது, தங்கச்சி. முந்தி மாதிரி மங்கல் இல்லை.”

பெருமையோடு மேசைக்குக் கீழே இருந்து எழும்பினேன். திரை கறுப்பாக இருந்தது. ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. திரையின் வயரைப் பழக்கத்தில் பழைய இடத்திலேயே கொழுவியிருந்தேன், புதுக் கார்ட்டின் பின்பக்கத்தில் கொழுவவில்லை. அண்ணை அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால் திரையைக் கூடப் பார்க்கவில்லை, அதற்கு ஒரு சாண் இடப்பக்கமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பக் குந்தி, வயரை இழுத்துப் புதுக் கார்ட்டில் கொழுவினேன். திரை பளீரென்று வெளித்தது. அண்ணையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே இடத்தைப் பார்த்து அதே சிரிப்பு. அவருடைய விரல்கள் அம்புக்குறிகளைத் தேடிக் கீபோர்ட்டைத் தடவிக்கொண்டிருந்தன.

அவருடைய கையைப் பிடித்தேன். எப்ப இருந்து அண்ணை என்று கேட்டேன். வைகாசிக் கடைசியில் இருந்து என்றார். வலது கண்ணின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறதாம், நேரே வைத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லையாம். லேசரும் அடித்துப் பார்த்தார்கள், இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆட்டோக்காரனிடமும் வாய் திறக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஏன் மறைத்தீர்கள், நான் என்ன அந்நியமா என்று கத்தினேன்.

“பங்குனியிலை அந்தக் கடையிலை வாங்காமல் விட்டது உன்னைத் தின்னும்,” என்றார். “அதுதான் சொல்லேல்லை.”

பங்குனி, சித்திரை, வைகாசி. நெல்லியடிக் கடையில் அந்தக் கழித்த கார்ட்டை வாங்கியிருந்தால் என் அண்ணை இரண்டு மாதத்துக்கு மேல் பஸ் ஓட்டியிருப்பார். திரும்ப ஒரு மனிசி கடந்தால் அடிக்காமல் பிரேக் பிடித்திருப்பார். அவருடைய மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சின்ன வயதில் கூட அவருக்கு முன்னால் அப்படி அழுததில்லை. அவர் என் தலையைத் தடவினார். பொடியனுக்குச் சொல்லாதே, இரவு இரவாக வேலை செய்து அனுப்பினவன் என்றார்.

பின்னேரம் நாலரைக்குப் போன் அடித்தது. மகன் வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். களைத்துப்போன குரலில், அம்மா, படம் நிற்காமல் ஓடுகிறதா, மாமாவுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டான். அண்ணை கதிரையில் இருந்தபடி முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“ஓமடா, வடிவாய் ஓடுது,” என்றேன். “மாமா காலமையிலை இருந்து அதை விட்டு எழும்பேல்லை.”