அவருடைய பதிலை நான் சொன்னேன்

தொண்ணூற்றோராம் ஆண்டில் ஒரு காலை, யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த என் கணவரின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டொக்டர். வலது கையும் காலும் போயின. பேச்சுக் குழறியது. அந்தக் குழறல் எனக்கு மட்டும் விளங்கியது.

நான்கு மாதம் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், மலசலம் எடுத்தேன். படுக்கைப்புண் (ஒரே பக்கமாய்க் கிடப்பதால் தோல் அழுகுவது) வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்தேன். வரவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ஐந்தாம் மாதம், கிளினிக்கில் ஒரு மருத்துவ மாணவி படிவத்தோடு வந்தாள். சுற்றியிருப்பவர்களின் ஆதரவை நோயாளி எவ்வளவு உணர்கிறார் என்று அளக்கிறார்களாம். ஒவ்வொரு கேள்விக்கும் பூச்சியத்திலிருந்து நாலு வரை புள்ளி. அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மனசிலை உள்ளதைக் கதைக்க ஆர் இருக்கினம், ஐயா?"

"அண்ணை" என்றார். கனடாவிலிருக்கும் தமையன். இவர் விழுந்த பிறகு இரண்டு கடிதம் போட்டவர். அவருக்கு நாலு.

"மனுசி?" என்று என்னைக் காட்டினாள்.

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. மாணவி என் வாயைப் பார்த்தாள். மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

"ஒண்டாம்" என்றேன்.

அவள் எனக்கு நேரே ஒன்று என்று எழுதினாள்.

"எனக்கும் கேள்வி இருக்கோ, பிள்ளை?"

"இல்லை அக்கா. இது நோயாளியளுக்கு மட்டும்தான்."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

வெகுநேரம் குழறிக் குழறிச் சொன்னார். "நீ எல்லாம் செய்யிறாய். ஒருநாளாவது என்ரை முகத்தைப் பாத்துச் செய்தனியே?"

உண்மைதான். முகத்தைப் பார்த்திருந்தால் அவ்வளவையும் என்னால் செய்திருக்க முடியாது. இதை அவருக்குச் சொல்லவில்லை. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு வருடத்தில் தடியூன்றி நடந்தார். பேச்சும் வந்தது. இப்போது தெருச் சந்திக்குப் போய் ஆட்களோடு கதைத்துவிட்டு வருகிறார். பகல் எனக்கு நீண்டுபோய்க் கிடக்கிறது. தூக்குவதற்கு ஒரு பாரமில்லாமல் மடியில் கிடக்கும் கைகள் என்னுடையவை போலவே இல்லை.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். அறை வாசலில் வந்து நின்றவர் கேட்டார்:

"இன்னும் தேத்தண்ணி போடேல்லையே?"

எழுந்துபோய் இரண்டு கோப்பை போட்டேன். அடுப்படியிலேயே இருந்து, என்னுடையதை ஆறுதலாகக் குடித்து முடித்தேன். பிறகுதான் அவருடையதைக் கொண்டுபோனேன். அது ஆறியிருந்தது.