இட்லிக்குச் சிக்கிய கெண்டை

எங்கள் வீட்டில் கடலைத் தவிர வேறெந்தத் தண்ணீருக்கும் மரியாதை கிடையாது. அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். ஏரி மீன், ஆற்று மீன் என்று யாராவது பேச்செடுத்தால், "அதெல்லாம் சேறு" என்று முடித்துவிடுவார். எண்ணூர் ஆற்றில் சின்னப் படகு வைத்திருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவின் பார்வையில் மீனவரே இல்லை.

எனக்கோ படகில் ஏற வேண்டும். ஏறி, மீன் பிடித்து வந்து, நானும் மீன் பிடிக்கிறவள்தான் என்று அப்பா ஒத்துக்கொள்ள வேண்டும். எட்டு வயதில் எனக்கு வேறு ஆசையே இல்லை. கெஞ்சும்போதெல்லாம், "பொம்பளப் புள்ள போட்ல ஏறுனா கடலம்மா கோச்சுக்குவா" என்பார். அம்மா என்று கூப்பிட்டுவிட்டு, அவளிடம் பெண்கள் மட்டும் போகக்கூடாது என்பது என்ன நியாயமோ, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்த ஐப்பசி மழையில் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டார்கள். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு செம்மண் நிறத்தில் பெருகி, முகத்துவாரம் வரைக்கும் உப்பே இல்லாமல் ஓடியது. வெள்ளம் அடங்கிய பிறகு அம்மாவோடு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன்.

"வா பாப்பா, போட்ல போலாம்" என்றார் மாமா.

"பொம்பளப் புள்ள ஏறக்கூடாதாமே?"

"அது கடலுக்குக் கண்ணு. இது ஆறு. ஆத்துக்கு இன்னா சட்டம் கீது?"

அம்மா தடுக்கவில்லை. இட்லிப் பொட்டலத்தைக் கையில் திணித்து அனுப்பினாள்.

அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு எதிரே படகை நிறுத்தித் தூண்டில் போட்டோம். மாமா வழக்கம்போல இறாலைக் கோத்தார். ஏரியிலிருந்து அடித்து வரப்பட்ட மீன்கள் அதைச் சீண்டவே இல்லை. எனக்குப் பசித்தது. பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே, விளையாட்டாக ஒரு துண்டு இட்லியை உருட்டி என் தூண்டிலில் குத்தினேன்.

"சட்னி வேணாமா அதுக்கு?" என்று மாமா சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் தூண்டில் நரம்பு என் கையை அறுத்தது. உதவ வந்தவரை, "நானே இழுக்கிறேன்!" என்று கத்தி நிறுத்தினேன். என் கை நீளக் கெண்டை ஒன்று படகுக்குள் விழுந்து துள்ளியது. முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா புளியைத் தாராளமாக விட்டுக் குழம்பு வைத்தாள்.

"யாரு புடிச்சது?" என்றார் அப்பா.

"நான்தான்!"

"எதப் போட்டுப் புடிச்ச?"

"இட்லி."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் அப்பாவுக்குத்தான். கடலுக்குப் போய் வந்தவருக்கு என்று அம்மா எடுத்து வைப்பாள். வேறு யாரும் கேட்டதுகூடக் கிடையாது. அன்றைக்கும் அவர் தட்டில்தான் வைத்தாள். அப்பா அதை அப்படியே எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, வால் துண்டை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்பாவுக்கு என் மீனு புடிக்கல, ஒதுக்கிட்டாரு" என்று அம்மாவின் மடியில் விழுந்து விம்மினேன். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. தலையை நான் தொடவே இல்லை. அப்பா அந்த வாலை முள் மட்டும் மிஞ்சும்படி தின்று முடித்தார்.