பாதி வசனத்தில் ஓம்

கண்டக்குழிக் கரைக்கு ஆழ்கடல் சுறா ஈரலும் மீனும் வாங்க வரும் அந்த முதலாளியின் வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கமும் இராது. யார் பேசினாலும் முழுதாகக் கேட்கமாட்டார்; பாதியிலேயே "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிடுவார்.

அங்கே மீன்களை அளந்து பதிவது என் வேலை. ஒருநாள் வெட்டிய சுறாவின் வயிற்றில் இரண்டு குட்டிகள் கிடந்தன. அவரிடம் போனேன்.

"முதலாளி, இந்தச் சுறாவும் பழந்தின்னி வவ்வாலும் ஒரே மாதிரி. ஒண்டு, இருட்டுக்கேத்த பெரிய கண். ரெண்டு, முட்டை இல்ல, குட்டிதான். மூண்டு, அதுவும் ஒண்டு ரெண்டுதான். இப்பிடியே வாங்கினா..."

"ஓம் மிஸ், விளங்குது. இனி வவ்வால் வாங்க மாட்டன்."

எங்கள் கரையில் வவ்வால் என்றொரு மீனும் உண்டு.

"மீன் இல்ல முதலாளி, மரத்தில தொங்குற வவ்வால்!"

"ஓம், ஓம்."

அடுத்த கிழமை முதலாளி, மிஸ் தடுத்துவிட்டார் என்று சொல்லி வவ்வால் மீன்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். மீனவர்கள் என்னை முறைத்தார்கள். அவருடைய வாளிகள் நிறையச் சுறா ஈரல்.

அன்று குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதினேன். ஒன்று, அவருக்கு விளங்கவில்லை. இரண்டு, அவருக்கு நன்றாக விளங்கிவிட்டது. எந்த வரியை வெட்டுவதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.