நாலாவது வாசலுக்கு எதிரே ஒரு களா

மாரிச்செல்விக்குக் களாப்பழம் என்றால் உயிர். நாரணாபுரத்தில் அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அறைக்குப் பின்னால் ஒரு களாச்செடி நின்றது. கல்லும் கரிசலும் கலந்த காய்ந்த தரையில் ஆளுயரப் புதர்; மழை பொய்த்த வருசத்திலும் பச்சை மாறாது. யாரும் அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. ஆடுகூட யோசித்து வாய் வைக்கும் முள். காயைக் கிள்ளினால் பால் வடியும், கடித்தால் பல் கூசும். கன்னங்கரேலென்று பழுத்துவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான். மருந்துக் கையைக் கழுவாமல் எவளாவது பறிக்க வந்தால் மட்டும் மாரிச்செல்வி பொல்லாதவள் ஆகிவிடுவாள்.

போர்மேன் அருள்பாண்டி அதை வெட்ட வேண்டும் என்று ரெண்டு சீசனாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அது என்ன உங்க சோத்தையா திங்குது?" என்று இவள் வாயாலேயே காப்பாற்றி வந்தாள். அந்த வாய்க்கு முன்னால் யார் நிற்பது!

ஆடி மாதம் ஒருநாள் அறை மூலையில் திடீரென்று புகை கிளம்பியது. மருந்து அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைப்பதே யோசிக்காமல் ஓடத்தான். செருப்பு உரசினாலும் ஆபத்து என்று உள்ளே எல்லாரும் வெறுங்கால். மாரிச்செல்வி முன்வாசல் வழியாகப் பாய்ந்து, தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவளோடு வேலை பார்க்கும் பெத்தணன் பின்வாசல் வழியாக இறங்கியவர், எதிரே முள்ளைக் கண்டு தயங்கி, மறுபடி அறைக்குள் நுழைந்து இந்தப் பக்கமாக ஓடிவந்தார்.

நல்லவேளை, புகைந்தது வெறும் காகிதம். மணலைப் போட்டு அணைத்துவிட்டார்கள். பயம் தெளிந்து எல்லாரும் சிரித்துப் பேசி டீ குடித்தார்கள். அவளுக்கு டீ இறங்கவில்லை. தப்பித்த மனுசன் தன் செடியால் திரும்ப நெருப்புக்குள் போனதே கண்ணில் நின்றது.

அன்றைக்கு வெட்டும்படி யாரும் சொல்லவில்லை. அவளேதான் அருவாள் கேட்டாள்.

"பழம் முடியட்டுமே தாயி," என்றார் பெத்தணன்.

"களா ஆனைக்குட்டம் பக்கமும் கெடக்குண்ணே. நீங்க ஒரே ஆளுதான இருக்கீக!"

அடியோடு வெட்டிச் சாய்த்தாள். கை முழுக்கக் கீறல், பால், ரத்தம். பழமெல்லாம் மண்ணில் உருண்டு கிடந்தது, அவள் குனிந்து முள்ளைத்தான் பொறுக்கினாள். எத்தனை பேருக்கு வரும் இந்த மனசு?

தரையைக் கூட்டிவிட்டு, பின்வாசலில் இருந்து தானே வெறுங்காலோடு ஓடிப் பார்த்தாள். பிறகு தூரத்தில் நின்று கூப்பிட்டாள்.

"ஓடி வாங்கண்ணே. தரையப் பாக்காம வாங்க."

பெத்தணன் அவள் முகத்தைப் பார்த்தபடியே ஓடிவந்தார்.