பின்னறைக்கு ஒரு ரவுட்டர்

2024 ஜூன் 19, புதன்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். கதவுப் பிடியில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டுகளை எடுத்துவந்து காய்ச்சினேன். அம்மாவுக்கு முதலில் தைராய்டு மாத்திரை. அரை மணி கழித்துத்தான் காபி. அந்த அரை மணிக்குள் அம்மா ஏதாவது ஒன்று கேட்காமல் இருந்ததில்லை. அன்று, "பால் பொங்கலையா, இல்ல மாடே இன்னும் எழுந்திருக்கலையா?" என்றாள். வாக்கரைப் பிடிக்கவைத்துக் கழிவறைக்கு அழைத்துப்போய் வந்தேன். வெந்நீரில் உடம்பைத் துடைத்து, நைட்டி மாற்றி, தலையணையை நிமிர்த்தி உட்காரவைத்தேன். ரவை உப்புமா கிளறினேன். ஒன்பது மணிக்கு ஹாலில் மடிக்கணினியைத் திறந்தேன். மறுநாள் இருபதாம் தேதி, ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள்.

எங்கள் வீடு அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் இருக்கிறது. அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருப்பக்கம் ஹால், அடுத்தது என் அறை, அதற்கடுத்துச் சமையலறை, கடைசியில் அம்மாவின் பின்னறை. சுவர்கள் பழைய காலத்தவை. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். ஹாலில் இருக்கும் ரவுட்டரின் வைஃபை என் அறைவரை நன்றாக வரும், சமையலறையில் திணறும், பின்னறைக்குப் போகவே போகாது. அங்கே செல்போன் சிக்னலும் கிடையாது. ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் அதை விட்டுவிட்டு, சில கடைகளின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கினேன். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். தம்பி கனடாவில் இருக்கிறான்.

மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா தூங்குவாள். அந்த நேரத்தில் நான் வெளியே போய்விட்டு வருவேன். இது யாருக்கும் தெரியாது. செல்போனை அம்மாவின் அறை அலமாரியில் வைத்துவிடுவேன். அங்கே சிக்னல் இல்லாததால் அது அடித்து அம்மாவை எழுப்பாது. முன்கதவை வெளியே பூட்டிக்கொண்டு தெருமுனையில் இருக்கும் தர்ஷினிக்கு நடப்பேன். நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகிற சின்ன ஓட்டல். வட்ட மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு காபி குடிப்பேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது என்றில்லை. யாருக்கும் என்னிடம் வேலையில்லை, அவ்வளவுதான். காபி முடிந்ததும் திரும்பிவிடுவேன். அரை மணிகூட ஆகாது. அம்மாவைத் தனியாகப் பூட்டிவைத்துவிட்டுப் போவது சரியா என்று என்னை யாரும் கேட்டதில்லை. 

நம் மத்தியானம் தம்பிக்கு விடியற்காலை. எழுந்ததும் எங்களைக் கூப்பிடுவது அவன் வழக்கம். நான் எடுக்காவிட்டால் பிறகு கேட்பான்: "எங்க போயிட்டேக்கா?"

"அம்மாகிட்ட இருந்தேன். பின்னறையில சிக்னல் வராதே."

பின்னறையில் சிக்னல் வராது என்பது உண்மைதான்.

அந்த உண்மையை ஒழிக்கத்தான் அவன் ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். உள்ளே இன்னொரு ரவுட்டர், கூடவே ஒரு கேமரா. "நீ ஒருத்தியே எவ்வளவுன்னு பாப்பே? இங்கேருந்து நானும் அம்மாவைப் பாத்துக்கறேன்" என்றான். மனதாரச் சொன்னான். எப்படிச் செய்வது என்று ஒரு வீடியோவையும் அனுப்பினான். அதை நான் பார்க்கவில்லை. பெட்டிக்குள் இருந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். எந்த வேலையையும் எனக்கு அப்படித்தான் செய்யத் தெரியும்.

கேமராவைப் பற்றி அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"அவன் பாக்கறதுக்கு நான் என்ன சீரியலா?" என்றாள். "துணி மாத்தறப்போ என்னடி பண்ணுவே?"

"துண்டு போட்டு மூடிடுவேன்."

"என்னையா, அதையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால், அதையே தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "என்னமோ பண்ணிக்கோங்க" என்றாள்.

பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினேன். அல்சூர் கடைத்தெருவில் இரு முனையிலும் பிளக் பொருத்தி வாங்கிவைத்திருந்த கேபிளின் ஒரு முனையை ஹால் ரவுட்டரில் செருகினேன். ஏணி போட்டு, கதவுகளுக்கு மேலே இருக்கும் காற்றுத் துளைகள் வழியாக அதைக் கோத்துக்கொண்டே பின்னறைவரை இழுத்துவந்தேன். தொங்காதபடி நெடுகக் கிளிப் அடித்தேன். பாதி கிளிப்புகள் வளைந்தன. புதிய ரவுட்டரை அம்மாவின் அலமாரி மேல்தட்டில் வைத்து மறுமுனையைச் செருகினேன். இரண்டு ரவுட்டர்களும் கடையிலிருந்து ஒரே முகவரியோடுதான் வருகின்றன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் கூரியர்காரர் என்ன செய்வார்? அதனால் புதியதன் முகவரியின் கடைசி எண்ணை மட்டும் மாற்றினேன். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் பழையதுக்கு உள்ளவையே. வீட்டுக்குள் எங்கே போனாலும் போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவிக்கொள்ள வேண்டும் என்பது தம்பியின் ஆசை.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பின்னறையில் நின்று போனைப் பார்த்தபோது வைஃபை முழுக்கோடுகளும் தெரிந்தன. ஆனால் எதுவும் திறக்கவில்லை. ஹாலுக்கு வந்தேன், அங்கேயும் திறக்கவில்லை. மடிக்கணினியில் மட்டும் கொஞ்ச நேரம் இணையம் ஓடியது. அதை ஒருமுறை அணைத்துப் போட்டதும் அதுவும் நின்றுவிட்டது. கேபிளைக் கழற்றிச் செருகினேன். கையேட்டைத் திரும்பப் படித்தேன். ஒரு கடைக்காரர் போனில், "மேடம், நம்ம கணக்கு ஆயிடுச்சா?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் என்றேன்.

கடைசியில் புதிய ரவுட்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஹால் ரவுட்டரை அணைத்துப் போட்டேன். எல்லாம் பழையபடி வந்துவிட்டது.

பின்னறைக்கு வந்து, தொங்கிய கேபிளின் முனையை அலமாரித் தட்டில் எடுத்துவைத்தேன். தம்பியிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் தானாக அமைந்தது. 'ரெண்டும் ஒத்துக்கலைடா. புதுசைப் போட்டா மொத்த நெட்டும் போயிடுது. எனக்கு வேலை கெடுது.' இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்தபோது மனம் லேசாக இருந்தது. "என்னடி, பாட்டுப் பாடறே?" என்றாள். நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

அம்மா தூங்கியதும் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். தர்ஷினியில் கூட்டமில்லை. காபி வந்தது. சூடாக இருந்ததால் டம்ளரை விளிம்பில் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன். ஆட்டோ ஒன்று ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக நுழைந்து, திரும்பவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

வலைக்குள் வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர்தான் ஓர் எண் கொடுக்கிறது. வெளியே போக எந்த வழியாக வர வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. என் வீட்டில் இப்போது இரண்டு ரவுட்டர்கள் எண் கொடுத்துக்கொண்டிருந்தன. புதியதிடம் எண் வாங்கிய கருவிக்கு அது, வெளியே போக என் வழியாக வா என்று சொல்லியிருக்கும். அதற்கோ வெளியே போக வழி கிடையாது. புதியதில் எண் கொடுக்கும் வேலையை மட்டும் நிறுத்திவிட்டால் போதும். அதன் அமைப்புகளில் ஒரு பக்கத்தில் குறியிடும் ஒரே ஒரு கட்டம்.

காபி பாதி மீதமிருந்தது. நான் அதைக் கண்டுபிடிக்க முயலவே இல்லை. அந்த அரை மணியை எதையும் யோசிக்காமல் இருக்கத்தான் வைத்திருந்தேன். தெரியாததுபோல இருந்துவிடலாமா என்று வீடுவரை யோசித்துக்கொண்டே வந்தேன். தவறு எந்த வரியில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு கணக்கை அப்படியே மூடிவைக்க என்னால் முடிந்ததில்லை. வேலை பார்த்த காலத்தில் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள். பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, மடிக்கணினியோடு நேராகப் பின்னறைக்குப் போய்ப் புதிய ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கட்டத்தில் இருந்த குறியை எடுத்தேன். சேமித்தேன். கேபிளைத் திரும்பச் செருகினேன். அலமாரியில் இருந்த என் போன் உடனே ஒலித்தது. அந்த அறையில் அது ஒலித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா திடுக்கிட்டு விழித்தாள்.

தம்பிதான். "அக்கா! எடுத்துட்டே! எங்க இருக்கே?"

"பின்னறையில."

"சூப்பர்க்கா. நீ பண்ணிடுவேன்னு எனக்குத் தெரியும்."

சாயங்காலம் கணக்குகளை முடித்தேன். ஏழு மணிக்கு மேல் கேமராவை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, வலையில் சேர்த்தேன். அந்த அறையில் கேபிள் கிளிப் ஒன்று கழன்றிருந்ததால் ஏணியில் ஏறி அதை அடித்துக்கொண்டிருந்தபோது, அறைக்குள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது.

"அம்மா! கேக்குதாம்மா?"

அம்மா கூரையைப் பார்த்தாள். "எங்கேருந்துடா பேசறே?"

"எதிர்ல ஷெல்ஃப் மேல பாரு. வெள்ளையா உருண்டையா ஒண்ணு இருக்கே."

"அதுவா? வேகாத இட்லி மாதிரி இருக்கு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மாவின் முகம் மாறியது. தலைமுடியைக் கோதிக்கொண்டாள். காலையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவள் இப்போது கேமராவுக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இளைச்சிட்டியேம்மா."

"இளைக்காம? ராத்திரி சப்பாத்தி போடறா பாரு, செருப்புத் தைக்கலாம். கேட்டா டாக்டர் சொன்னார்ங்கறா. எந்த டாக்டர்? பேரைச் சொல்லச் சொல்லு பாப்போம்."

"அக்கா, என்னக்கா இது?"

"எண்ணெய் குறைச்சுப் போடறேன்டா."

"இன்னொண்ணு கேளு," என்றாள் அம்மா. குரலைத் தாழ்த்தினாள், ஆனால் அது எனக்குக் கேட்கட்டும் என்று தாழ்த்திய குரல். "மத்தியானம் நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு, கதவைப் பூட்டிக்கிட்டு எங்கேயோ போறா. வர்றப்போ காபி வாசனை வரும். ஒரு நாளாவது எனக்கு ஒரு வாய் வாங்கிட்டு வந்தாளான்னு கேளு."

சுத்தியலைப் பிடித்தபடி ஏணியிலேயே நின்றேன்.  இணைப்பு போய்விட்டதா என்று ரவுட்டரின் விளக்குகளைப் பார்த்தேன். எல்லாம் பச்சை.

"அப்படியாக்கா?"

"ஆமா."

"போன்?"

"இங்க வச்சிட்டுத்தான் போவேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். என்ன பதில் சொல்வது என்றும் யோசித்துவைத்துக்கொண்டேன். நீ வந்து ஒரு வாரம் இருந்து பார், என்று தொடங்கியிருப்பேன்.

"ஐயோ அக்கா, இதைச் சொல்றதுக்கு என்ன?" என்றான். "தாராளமா போயிட்டு வா. அந்த நேரம் நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேன். கிளம்பறப்போ ஒரு மெசேஜ் போடு, நான் இங்கேருந்து அம்மாவைப் பாத்துக்கறேன். வந்ததும் இன்னொண்ணு போடு. போனை மட்டும் எடுத்துட்டுப் போக்கா. அம்மா எழுந்துட்டா உன்னைக் கூப்பிடணுமில்ல."

"எனக்கும் ஒரு பார்சல்," என்றாள் அம்மா.

"ஆமாக்கா, அம்மாவுக்கும் ஒண்ணு. பாதி போதும், இல்லன்னா ராத்திரி தூக்கம் வராது. எத்தனை மணிக்குப் போவே? ரெண்டரையா? நான் அலாரம் வச்சுக்கறேன்."

அதில் எங்கே குறை சொல்வது என்று தேடினேன். யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டிருந்தால் நானும் இதே ஏற்பாட்டைத்தான் சொல்லியிருப்பேன்.

"ரெண்டரை," என்றேன்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலுக்கு வந்து ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்தேன். எந்தக் கருவிக்கு எந்த நேரத்தில் இணையம் கிடையாது என்று குறிக்க அதில் ஒரு பக்கம் இருக்கிறது, கையேட்டில் படித்திருந்தேன். கேமராவைத் தேர்ந்தெடுத்தேன். நேரம் கேட்கும் இடம் வந்தது. ரெண்டரைக்குக் கேமரா தினமும் நின்றால், நிறுத்துவது நான்தான் என்று நிற்கிற நேரமே சொல்லிவிடும். அதோடு அவன் என்னைப் போக வேண்டாம் என்று சொல்லவும் இல்லையே. எதையும் சேமிக்காமல் வெளியே வந்தேன். பின்னறையில் அம்மா, தர்ஷினிக் காபிக்கு என்னென்ன குறை என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அதைக் குடித்ததே இல்லை.

சப்பாத்திக்கு வழக்கத்தைவிட அரை ஸ்பூன் எண்ணெய் கூடுதலாக விட்டேன்.

மறுநாள் காலை அலாரம் அடிப்பதற்கு முன்பே போன் ஒலித்தது. தம்பியின் செய்தி: 'அக்கா, எழுந்துட்டியா? அம்மா போர்வை கீழ விழுந்திருக்கு. காலை மடக்கிட்டுப் படுத்திருக்காங்க, குளிருது போல.' முகம் கழுவாமல் பின்னறைக்குப் போனேன். தரையில் கிடந்த போர்வையை எடுத்து உதறி, அம்மாவின் பாதம்வரை போர்த்தினேன். பிறகு கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, ஆயிற்று என்று கேமராவைப் பார்த்துத் தலையசைத்தேன்.